டி.என்.ஏ. ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. தர்மபுரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். போனில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வைரஸையே வெட்டிப்போடும் டி.என்.ஏ. ஊசி வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்கிறான். உண்மையா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: வெட்டுவது உண்மை, ஊசி வந்துவிட்டது என்பது பொய். சகோதரி, முதலில் இன்று ராத்திரி மாத்திரையைப் போடச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

என்சைம் போல, அதாவது உடம்பில் வேதிவினைகளை நடத்திவைக்கும் புரதம் போல, வேலை செய்யும் டி.என்.ஏ.வை 1994-ல் அமெரிக்காவில் பிரேக்கர், ஜாய்ஸ் என்ற விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1997-ல் வந்த ‘10-23’ என்ற வகைதான் எச்.ஐ.வி. ஆய்வில் அதிகம் அடிபடுகிறது. அதன் இரண்டு கைகள் வைரஸின் ஆர்.என்.ஏ.வில், அதாவது டி.என்.ஏ. போலவே மரபுச் செய்தியைத் தாங்கும் இழையில், குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க, நடுவிலுள்ள 15 டி.என்.ஏ. எழுத்து நீளப் பகுதி அங்கேயே வெட்டிவிடும். டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அகில் பானர்ஜி குழுவும் இப்படிச் செய்து செல்களில் சோதித்திருக்கிறது. வைரஸை மட்டுமல்ல, அது செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசலை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வையும் குறிவைத்தார்கள். வைரஸ் அடிக்கடி உருமாறி வெட்டுமிடத்தையே மாற்றிக்கொள்ளும், நம் வாசல் அப்படி மாறாது. நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே என்றால், இது வெட்டுவது ஆர்.என்.ஏ.வை. எச்.ஐ.வி.யோ தன்னை டி.என்.ஏ.வாக மாற்றி நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து புதிது புதிதாக ஆர்.என்.ஏ. வந்துகொண்டே இருக்கும், வெட்ட வெட்ட முளைக்கிற பார்த்தீனியம் மாதிரி. தவிர, ஊசியில் போட்ட டி.என்.ஏ.வை ரத்தத்திலுள்ள என்சைம்கள் சிதைத்துவிடும். தப்பிப் பிழைத்ததுகூடச் சரியான செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இதன் பங்காளியான ரைபோசைமை, அதாவது ஆர்.என்.ஏ.வால் ஆன கத்தியை, ரத்த மூலச்செல்களில் மரபணுவாகச் செலுத்தி 74 பேரிடம் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை, ஆனால் மாத்திரையைத் தூக்கிப்போடும் அளவுக்குப் பலனும் இல்லை.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பக் கிளம்பிவிடும். விட்டுவிட்டுப் போட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம். உண்மையில் தம்பிக்குக் கஷ்டம் நைட் ஷிஃப்டும் தர்மபுரி பஸ்ஸுமாக இருந்தால், மாத்திரை நேரத்தை மாற்றுவது, ஓசூருக்குக் கிட்டத்தில் உள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்வது பற்றி அங்குள்ள கவுன்சிலரிடம் கேட்கச் சொல்லுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு அழைக்கட்டும், கட்டணம் கிடையாது.