அரிஸ்டாட்டிலும் அதிர்ஷ்டமும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் முன்பு பரிந்துரைத்திருந்த அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கி முதல் பகுதியோடு நிறுத்திவிட்டேன். மகிழ்ச்சியாக வாழ நற்குணம் வேண்டும் என்று அழகாகத்தான் ஆரம்பிக்கிறார். கொஞ்ச தூரம் போனதும், நல்ல குடிப்பிறப்பு, நல்ல பிள்ளைகள், அழகு இதெல்லாம் இல்லாதவனின் மகிழ்ச்சியில் குறை விழுந்துவிடும் என்கிறார். என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் என்னைத் தாங்கியது எபிக்டெட்டஸ். அடிமையாக வாழ்ந்த, கால் ஊனமான மனிதர். நம் கையில் இல்லாத எதுவும் நம்மைக் கெடுத்துவிட முடியாது என்று சொன்னவர். அவர் பக்கம் நிற்பதுதானே நியாயம்? அரிஸ்டாட்டில் பேசுவது வசதி படைத்தவர்களின் தத்துவம் இல்லையா?

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

வசதி படைத்தவர்களின் தத்துவம் என்பது பாதி உண்மை. அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாத ஆண்கள். 'அரசியல்' நூலில் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றுகூட வாதாடுகிறார். அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அழகும் குடிப்பிறப்பும் அந்தப் பட்டியலில் ஏறியது அந்த வட்டத்தின் ருசி. அடித்துவிட்டுப் படியுங்கள், ஒன்றும் குறையாது.

மிச்சப் பாதியை அவ்வளவு சுலபமாக அடித்துவிட முடியாது. நற்குணம் ஒன்று இருந்தால் போதும், மற்ற எது போனாலும் அவன் மகிழ்ச்சியாகத்தான் வாழ்கிறான் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஏழாம் பகுதியில் கோபமாகவே ஒரு வரி வருகிறது. சித்திரவதைச் சக்கரத்தில் கிடப்பவனும் பெருந்துயரில் விழுந்தவனும் நல்லவனாக இருந்தால் மகிழ்ச்சியாகவே இருக்கிறான் என்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, உளறுகிறார்கள் என்கிறார். உங்கள் எபிக்டெட்டஸ் சேர்ந்த தத்துவ மரபினரான ஸ்டோயிக்குகள் ஏதென்ஸில் கடை விரிப்பதற்கு முன்பே எழுதப்பட்ட வரி இது.

இதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெர்மியாஸ் என்று அவருக்கு ஒரு நண்பர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அட்டார்நியஸ் என்ற ஊரை ஆண்டவர். கி.மு. 347-ல் தன் ஆசிரியர் பிளேட்டோ இறந்த சமயத்தில் ஏதென்ஸை விட்டுக் கிளம்பிய அரிஸ்டாட்டில், ஹெர்மியாஸின் ஆதரவில்தான் அஸ்ஸோஸ் என்ற ஊரில் தங்கினார். மணந்துகொண்டதும் அவர் குடும்பத்துப் பெண்ணான பித்தியாஸைத்தான். அந்த ஹெர்மியாஸைப் பாரசீகர்கள் வஞ்சகமாகப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். சித்திரவதை செய்தார்கள் என்றும், தத்துவத்துக்குத் தகாத எதையும் தான் செய்யவில்லை என்று நண்பர்களுக்குச் சொல்லியனுப்பினார் என்றும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அரிஸ்டாட்டில் அவர் நினைவாக நற்குணத்தை விளித்து ஒரு பாடல் எழுதினார். பழங்கதை வீரர்களான ஹெராக்ளீஸும் அக்கிலீஸும் உனக்காகத்தான் பாடுபட்டார்கள், இவனும் உனக்காகத்தான் வெளிச்சத்தை இழந்தான் என்று போகிறது. பாடல் நண்பரை வானளாவப் புகழ்கிறது. ஆனால் அவர் கொடுத்துவைத்தவர் என்று எங்கேயும் சொல்லவில்லை. (மனிதனைத் தெய்வமாக்கிப் பாடிவிட்டார் என்று கி.மு. 323-ல் இதே பாடலை வைத்துத்தான் ஏதென்ஸில் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் கால்கிஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார், மறு வருடம் அங்கேயே இறந்தார்.)

முதல் பகுதியிலேயே, நீங்கள் சொன்ன அந்தப் பட்டியலுக்குக் கொஞ்சம் பின்னால்தான் பிரியாம் வருகிறார். டிராய் நகரத்துக் கிழ ராஜா. நீண்ட காலம் நன்றாக வாழ்ந்து, கடைசியில் பிள்ளைகளையும் நகரத்தையும் பறிகொடுத்தவர். அவரை மகிழ்ச்சியாக வாழ்ந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். அதே மூச்சில், நல்லவன் ஒருபோதும் இழிந்தவனாகிவிடமாட்டான் என்றும் சொல்கிறார். கொடுத்த தோலை வைத்து முடிந்தவரை நல்ல செருப்பைத் தைக்கும் தொழிலாளியைப்போல, வந்த நிலைமையை வைத்துச் செய்யக்கூடியதில் சிறந்ததைச் செய்வான். தோல் மட்டமாக இருந்தால் அதை மட்டம் என்று சொல்ல அவர் தயங்குவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, எபிக்டெட்டஸ். அப்பாவின் படுக்கை பக்கத்தில் அவர் உங்களைத் தாங்கினார் என்றால் அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவரைவிட நல்ல துணை கிடையாது. அடுத்தவரிடம் போகும்போதுதான் எனக்கு இடிக்கிறது. அவருடைய 'கையேடு' என்ற நூலின் 16-ஆம் பத்தியைப் பாருங்கள். பிள்ளை ஊர் போய்விட்டான் என்றோ சொத்து போய்விட்டது என்றோ ஒருவன் அழுதால் ஆறுதலாகப் பேசு, தேவைப்பட்டால் சேர்ந்து புலம்பு, ஆனால் உள்ளுக்குள் மட்டும் புலம்பிவிடாதே என்கிறார். உங்கள் அம்மா அழும்போது அப்படி உட்கார்ந்திருக்க உங்களால் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அரிஸ்டாட்டில் நட்புக்கென்று இரண்டு முழுப் பகுதிகளை ஒதுக்குகிறார், எட்டும் ஒன்பதும். மற்ற எல்லா நன்மையும் கிடைத்தாலும் நண்பர்கள் இல்லாமல் வாழ யாரும் சம்மதிக்கமாட்டார்கள் என்று தொடங்குகிறது எட்டாம் பகுதி. பிள்ளைகளும் நண்பர்களும் வாழ்க்கையின் உள்ளேயே இருக்கிறார்கள் என்று வைத்துவிட்டால், அவர்களுக்கு நேர்வது நமக்கு நேராமல் எப்படி இருக்கும்? உங்களை எரிச்சலூட்டிய அந்தப் பட்டியலில் 'நல்ல பிள்ளைகள்' இருப்பது அதனால்தான் என்று நான் வாசிக்கிறேன்.

எனவே முதல் பகுதியோடு நிறுத்த வேண்டாம். நேரே எட்டு, ஒன்பதுக்குப் போங்கள்; நடுவில் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகப் பத்தாம் பகுதி. அங்கே இதே மனிதர் தத்துவச் சிந்தனையில் கழியும் வாழ்க்கைதான் உச்சம், ஞானிக்கு மற்றவர்கள் அவ்வளவாகத் தேவைப்படமாட்டார்கள் என்று கட்சி மாறியதுபோல் பேசுகிறார். இதை முன்னால் சொன்னதோடு எப்படிப் பொருத்துவது என்று அறிஞர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள், எனக்கும் அந்த இடத்தில் அவரோடு தகராறு உண்டு.

அன்புடன்.