வேன் டாப்புக்கு மாடி பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: பழைய ஆம்னி வேன் சார், டாப்புல பெயிண்ட் உரிஞ்சு துரு பிடிக்குது. மொட்டை மாடிக்கு அடிச்ச வெள்ளை கூலிங் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருக்கு, அதையே ரோலர்ல அடிச்சுடலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வேணாங்க. அது சிமெண்டுக்கு உள்ளது, தண்ணி கலந்த பெயிண்ட், வெறும் தகரத்துல பட்டா அடியிலயே துரு கிளம்பி கொஞ்ச நாள்ல தோல் மாதிரி உரிஞ்சு வரும், உங்க ஊர் உப்புக்காத்துக்கு கேக்கவே வேணாம். ஹார்டனர் (பெயிண்ட்டை இறுக வைக்கிற திரவம்) கலந்து அடிக்கிற பாலியூரிதேன் கோட்டிங் வாங்குங்க. முதல்ல ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற காவாயைப் பாருங்க, அங்க சீலன்ட் (இடுக்கை அடைக்கிற பசை) வெடிச்சு கருப்பா கோடு மாதிரி தெரியும், ஸ்க்ரூ டிரைவர் முனையால நோண்டினா துரு பொடியா கொட்டும், பாதி ஒழுகல் அங்கதான். அதை சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, தின்னர்ல துடைச்சு, எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கிற அடிப்பூச்சு) அடிச்சு, புது சீலன்ட் வச்சுட்டுதான் ரோலரையே தொடணும். ரெண்டு மெல்லிசு கோட், ஒண்ணு நீளவாக்குல, இன்னொண்ணு குறுக்கால. மதிய வெயில்ல மட்டும் அடிச்சிடாதீங்க, தகரம் சுட்டா கொப்புளம் விடும். ஹார்டனர் கலந்ததை டப்பா மேல அச்சடிச்சிருக்கிற நேரத்துக்குள்ள தீர்த்துடுங்க, வெளிக்காத்துல நின்னு, கெமிக்கல் மாஸ்க் போட்டு அடிங்க, அந்தப் புகை நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல்.