ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் வயலில் என்ன செய்வது?

கேள்வி: திருவையாறு பக்கம் 3 ஏக்கரில் சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. அரை ஏக்கரில் குலை தள்ளிய வாழையும் நிற்கிறது. போன வாரம் ஆரஞ்சு எச்சரிக்கை என்றார்கள், தூறல்கூட இல்லை. அதனால் அடுத்து வந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் யூரியா போட்டேன். அன்றிரவே கொட்டி, வரப்பு தாண்டி ஓடிவிட்டது. இந்த நிறங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: நிறம் மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொல்லப்படுவது, உங்கள் வயலுக்கென்று தனியாக இல்லை. அதனால் நிறத்தோடு நிறுத்தாமல் வானிலை அறிவிப்பில் அதன் கீழே உள்ள வரியையும் படியுங்கள். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20 செ.மீ., 'அதிகனமழை' 21 செ.மீ.யும் அதற்கு மேலும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதி மழைமானிகளில் கால்பங்கு வரையில்தான் அந்த மழை பதிவாகும். போன வாரம் உங்கள் ஊர் மீதி முக்கால்பங்கில் இருந்தது, இந்த முறை கால்பங்கில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறையும் அறிவிப்பு பொய்க்கவில்லை. மழை நாள் காலை 8.30 மணிக்குத்தான் மாறும் என்பதையும் கவனியுங்கள். இன்றைய எச்சரிக்கை நாளை விடியற்காலைக்கும் சேர்த்துத்தான்.

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு என்று பொருள். விவசாயிக்கு ஆரஞ்சுதான் வேலை நாள். சிவப்பு வந்தபின் மண்வெட்டியோடு வயலுக்குப் போகாதீர்கள், இடி மின்னலில் திறந்த வயல்தான் மிக ஆபத்தான இடம்.

1 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர். வரப்பு 15 செ.மீ. உயரம், உள்ளே ஏற்கெனவே 5 செ.மீ. தண்ணீர் நின்றால், 10 செ.மீ. மழையிலேயே வழிந்துவிடும். ஆகவே ஆரஞ்சு வந்ததும் தண்ணீரை வடித்துச் சேறு மறையும் அளவுக்கு மட்டும் வையுங்கள். வடிமடையைத் திறக்குமுன் வடிகாலின் மட்டத்தைப் பாருங்கள். வடிகால் வயலைவிட நிறைந்து ஓடினால், மடையைத் திறந்த இடத்தில் தண்ணீர் உள்ளேதான் வரும். அப்போது மடையை அடைத்து வைத்து, வடிகால் இறங்கியபின் திறப்பதே சரி. ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதை வாருவதும் ஆரஞ்சு நாள் வேலைதான்.

உரத்துக்கு மஞ்சளே போதும் நிறுத்த. அடுத்த 3 நாளுக்குக் கனமழை அறிவிப்பு இல்லாதபோது மட்டும் யூரியா போடுங்கள். ஓடிப்போனதை ஈடுகட்ட இப்போதே மறுபடி வீசவேண்டாம். முழுதும் வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பயிர் வெளுத்துத் துத்தநாகக் குறை தெரிந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கைத்தெளிப்பானால் தெளியுங்கள்.

வாழைக்கு மழையைவிடக் காற்றுதான் எமன். அறிவிப்பில் 'புயல்' என்ற சொல் வந்தால் அதன் மையத்தைச் சுற்றிக் காற்று மணிக்கு 62 கி.மீ.க்குக் குறையாது. முக்கால் பங்கு முற்றிய குலைகளை வெட்டிவிடுங்கள், மீதி மரங்களில் காய்ந்த, தாழ்ந்த இலைகளைக் கழித்து மண் அணையுங்கள். சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கும்போது பலர் மரம் சாய்ந்த பக்கம் மட்டும் கொடுக்கிறார்கள். புயலின் மையம் கடக்கும் இடத்தில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, இடையில் அடங்கிப்போய், பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். ஆகவே இரண்டு கழிகளைக் கத்தரிபோல் குறுக்கே கட்டி, இரு பக்கமும் தாங்கும்படி நட்டால்தான் மரம் நிற்கும். அந்த இடைவெளி அமைதியைப் புயல் ஓய்ந்ததாக எண்ணித் தோட்டத்துக்குள் போய்விடாதீர்கள். கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை வீட்டிலேயே இருங்கள்.