டம்ளரில் கஞ்சி, தட்டில் சப்பாத்தி: சர்க்கரை நோயாளிகளின் கேள்விகள்

அரிசியை நிறுத்தி மூன்று மாதமாகிறது. காலையில் கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன். அப்படியும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது. ஏன்?
– வாசகர், திருவண்ணாமலை

கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமே வேண்டாம். கால்சியம் நிறைய, நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் மாவுச்சத்து? 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் என்றால், கேழ்வரகிலும் 65 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. அதை நைசாக அரைத்து, கரைத்து, கொழகொழவென்று காய்ச்சிவிட்டால் குடலுக்கு அதிக வேலை இருக்காது. மெல்லவும் தேவையில்லை. பெரிய டம்ளரில் மடமடவென்று குடிக்கிறோம், சர்க்கரையும் அதே வேகத்தில் ஏறுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு உள்ளங்கை அகலத்தில் இரண்டு அடை தட்டுங்கள். கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் பயறு சுண்டல். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு வைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180-க்குள் இருக்க வேண்டும் என்பதே இலக்கு. கஞ்சி நாள், அடை நாள் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டை மாற்றியும் 240-லேயே நின்றால், மாத்திரையை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போடலாமா?
– வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். கருப்பட்டியில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்புச்சத்து இருப்பதால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறையாது. காபியை இனிப்பில்லாமல் குடிக்கச் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இரவில் சப்பாத்திதான் சாப்பிட வேண்டுமா? எனக்குப் பிடிக்கவே இல்லை.
– வாசகர், கும்பகோணம்

பிடிக்காததை ஏன் சாப்பிடுகிறீர்கள்! நம் ஊரில் சர்க்கரை என்றதுமே இரவில் சப்பாத்தி என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. நடுத்தர அளவுச் சப்பாத்தி இரண்டில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒரு கப் சாதத்தில் இருப்பதுதான். உருளைக்கிழங்குக் குருமாவோடு நான்கு சாப்பிட்டுவிட்டு, சாதத்தைத் தொடவில்லை என்று சொல்பவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அந்த ஒரு கப் சாதத்தையே சாப்பிடுங்கள். தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும், கால் பங்கு பருப்போ மீனோ. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

மாம்பழ சீசனில் அம்மா ஏங்கிப் போகிறார். கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இரண்டு மூன்று சிறு துண்டுகள் கொடுங்கள். சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம், முற்பகல் பசிக்குத் தனியாக. ஜூஸ், மில்க் ஷேக் கூடாது.

அப்பா புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்பார். போன வருடம் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. களைப்பு என்று படுக்க வைத்துவிட்டோம். சரியா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். அது தாழ்சர்க்கரையாக இருந்திருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்க் குழப்பம் வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்க வழியில்லை என்றாலோ, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்க வேண்டும். குளுக்கோஸ் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீர் போதும். ஆனால் வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பாக்கெட் கட்டாயம் இருக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரதத்தை விட அப்பாவுக்கு மனம் வராது, புரிகிறது. புரட்டாசி பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். விரதம் இருக்கலாமா என்று பார்த்து, அன்றைய மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றிக் கொடுப்பார்.