இலை மஞ்சளானால் வெயிலா, சத்துக் குறைவா? – கேள்வி பதில்

கேள்வி: அரியலூர் பக்கம் நிலக்கடலை போட்டிருக்கிறேன். கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. புற ஊதாக் கதிரால் என்கிறார்களே?

பதில்: இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. பச்சையம் உருவாக அது வேண்டும். பழைய இலையிலிருந்து கொழுந்துக்கு அது நகராது, அதனால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. எந்தப் பயிரானாலும் முதலில் மஞ்சளானது எந்த இலை என்று பாருங்கள்.

கேள்வி: நெல்லில் அடியிலை மஞ்சள். வெயில்தானே?

பதில்: தழைச்சத்தை (நைட்ரஜன்) பாருங்கள். பற்றாக்குறை வந்தால் பயிர் பழைய இலையிலிருந்து உருவித்தான் கொழுந்துக்குக் கொடுக்கும்.

கேள்வி: அப்போ புற ஊதா ஒன்றும் செய்யாதா?

பதில்: செய்யும். 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர், ஒளியைப் பிடிக்கும் அமைப்பில் உள்ள டி1 புரதத்தை உடைக்கும், கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியையும் குறைக்கும். செடி சும்மா இருப்பதில்லை. இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டு என்ற காப்புப் பொருள்களைச் சேர்த்துக் கதிரை வடிகட்டும், உடைந்த புரதத்தைப் புதிதாகச் செய்யும். புரதம் செய்யத் தழைச்சத்து வேண்டும், பட்டினி கிடக்கும் பயிர் அங்கேதான் திணறும். ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த சோயாவை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனையில், கதிரின் பாதிப்பு குறைவாகவே தெரிந்தது: இலை தடித்து, ஃபிளேவனாய்டும் கூடியிருந்தது. அதற்காக உரத்தைக் குறைக்காதீர்கள், அந்தச் செடியின் வளர்ச்சி ஏற்கெனவே சுருங்கிப்போனது.

கேள்வி: மிளகாய் மஞ்சள், என்ன அடிக்கலாம்?

பதில்: எந்த இலை என்று சொல்லாமல் கேட்டால் மருந்து சொல்ல மாட்டேன். கொழுந்தா, அடியா?

கேள்வி: ஜிங்க் சல்பேட்டை டிஏபியோடு கலந்து போடலாமா?

பதில்: கூடாது. டிஏபியில் உள்ள மணிச்சத்தும் ஜிங்க் சல்பேட்டில் உள்ள துத்தநாகமும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். தனித்தனியாகப் போடுங்கள்.

கேள்வி: பசுமைக்குடிலுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஷீட் போட்டால் கத்தரிக்கு நல்லதுதானே?

பதில்: ஊதாக் கத்தரிக்கு வேண்டாம். தோலின் நிறம் ஏற அந்தக் கதிர் தேவை, தடுத்தால் காய் வெளிறும்.

கேள்வி: வெள்ளை ஈ குறைகிறதே, நானே பார்த்தேன்.

பதில்: உண்மைதான், வெள்ளை ஈயும் இலைப்பேனும் அந்தக் கதிரை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன. தேனீக்கும் அந்தக் கதிர் தெரிய வேண்டுமே! தக்காளிக்குப் போடுங்கள், கத்தரிக்குப் பூச்சி வலையே போதும்.

கேள்வி: என் ஷீட்டில் 'யுவி ஸ்டெபிலைஸ்டு' என்று போட்டிருக்கிறது. அப்போ அதுவும் தடுக்குமா?

பதில்: ஷீட் வெயிலில் சீக்கிரம் நொறுங்காது என்பதற்கான முத்திரை அது. எவ்வளவு கதிரை உள்ளே விடும் என்று அது சொல்லாது. கடைக்காரரிடம் அந்த அளவைத் தனியாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.