ஹன்னாவா, அன்னாளா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹன்னா என்று பெயர் வைக்க ஆசை. மாமியார், "வேதத்தில் இருக்கிறபடி அன்னாள் என்றே வையுங்கள்" என்கிறார். கணவரோ, "அரபுப் பெயர் மாதிரி இருக்கிறதே" என்று தயங்குகிறார். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். பெயரின் உண்மையான பொருள் என்ன? வகுப்புக்கு நாலு ஹன்னா இருப்பார்களா? எப்படி எழுதுவது சரி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமியாரோடு வழக்கே வேண்டாம். ஹன்னாவும் அன்னாளும் ஒரே பெயர்தான். எபிரேயத்தில் அதற்கு மூன்றே எழுத்து: ஹேத், நூன், ஹே. முதலில் வரும் ஹேத் நம் ஹகரம் அல்ல. அடித்தொண்டையில் உரசிக்கொண்டு வரும் ஒலி. கிரேக்கத்தில் அதற்கு எழுத்தில்லை. அதனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்தே அது "அன்னா" ஆகி, லத்தீனுக்கும் அப்படியே போனது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் ஆகாரத்தில் முடியும் பெண்பெயர்களுக்கு ஒரு "ள்" சேர்த்தார்கள். சாராள், லேயாள், ரெபெக்காள், மரியாள் எல்லாம் அப்படி வந்தவை. ரூத், ராகேல், எஸ்தர் ஆகியவை மெய்யெழுத்தில் முடிவதால் தப்பித்தன. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் அந்த "ள்" கிடையாது, வெறும் அன்னாதான்.

பொருளுக்கு வருவோம். ஹேத்-நூன்-நூன் என்ற வேருக்கு இரங்குதல், தயவு காட்டுதல் என்று பொருள். அதிலிருந்து வரும் "ஹேன்" என்ற பெயர்ச்சொல்லுக்குத் தயவு, கிருபை, பார்ப்பவர் மனத்தைக் கவரும் நயம் என்ற பொருள்கள் உண்டு. ஹன்னா என்றால் கிருபை, அருள். அவ்வளவே. பல பெயர்ப் பட்டியல்களில் "கடவுளின் கிருபை" என்று போட்டிருப்பார்கள். அது கொஞ்சம் கூடுதல். கடவுளைக் குறிக்கும் பகுதி இந்தப் பெயருக்குள் இல்லை. அது வேண்டுமென்றால் யோவான் (எபிரேயத்தில் யோஹனான்), அனனியா போன்ற பெயர்களில் பார்க்கலாம். அவற்றில் கர்த்தருடைய பெயரின் சுருக்கம் இதே வேரோடு சேர்ந்து நிற்கிறது. பெண்களில் லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் வரும் யோவன்னாள் அப்படிப்பட்ட பெயர். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால்கூட இந்த வேர்க்காரர்தான். எபிரேயத்துக்குச் சகோதர மொழியான பினீசியத்தில் "பாகால் (அவர்களுடைய தெய்வம்) தயவுகூர்ந்தான்" என்பது போல அவர் பெயருக்குப் பொருள் வரும்.

பெயரின் பிறப்பிடம் 1 சாமுவேல் புத்தகம். எப்பிராயீம் மலைநாட்டு எல்க்கானாவுக்கு இரண்டு மனைவியர்: அன்னாள், பெனின்னாள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷாவருஷம் சீலோவுக்குப் பலியிடப் போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள். ஒருமுறை ஆலயத்தில் அன்னாள் மனம் கசந்து ஜெபம் பண்ணுகிறாள். உதடுதான் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறார். அவள் விளக்கிச் சொன்ன பிறகு அவரே ஆசீர்வதித்து அனுப்புகிறார். போகும்போது, உம்முடைய கண்களில் எனக்குத் தயை கிடைக்கட்டும் என்கிறாள். மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் "ஹேன்", அதாவது அவளுடைய பெயரின் வேர்ச்சொல்லே. மொழிபெயர்ப்பில் இந்த நயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பிறகு சாமுவேல் பிறக்கிறான். பால் மறந்ததும் நேர்ந்துகொண்டபடியே ஆலயத்தில் விடுகிறாள். ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்ற வரியையும் தவறவிடாதீர்கள்.

யூதர்களுக்கு அந்தச் சத்தமில்லாத உதட்டசைவு சின்ன விஷயமல்ல. வார்த்தையை உதட்டால் சொல்ல வேண்டும், குரல் எழக்கூடாது, குடித்துவிட்டு ஜெபிக்கக்கூடாது என்று ஜெபத்துக்கான விதிகளையே யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் அன்னாளிடமிருந்துதான் எடுக்கிறது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படும் தீர்க்கதரிசனப் பகுதியும் இவள் கதையே.

புதிய ஏற்பாட்டில் இன்னொரு அன்னாள் உண்டு: குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் கண்ட முதிய தீர்க்கதரிசி, பானுவேலின் மகள். மூன்றாமவர் மரியாளின் தாய். இவர் வேதாகமத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபு முன்நற்செய்தி என்ற நூல் வழியாக வந்தவர். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்னம்மாள் இவர்தான். ஜூலை 26 திருநாள். இலங்கையில் புத்தளம் மாவட்டத்துத் தலவில ஆலயமும் இவர் பெயரில்தான். சோற்றுக்கும் பறவைக்கும் நாம் சொல்லும் அன்னத்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உங்கள் கணவரின் சந்தேகம் பாதி நியாயம். எபிரேயமும் அரபும் ஒரே குடும்பத்து மொழிகள். பரிவைக் குறிக்கும் "ஹனான்" என்ற அரபுச் சொல் இதே வேரில் பிறந்தது. இஸ்லாமிய மரபும் மர்யமின் (நம் மரியாளின்) தாயை ஹன்னா என்றே அழைக்கிறது. ஆனால் குர்ஆனில் அந்தப் பெயர் வராது, இம்ரானின் மனைவி என்றுதான் வரும். ஆனால் ஒற்றை னகரத்தோடு "ஹனா" என்று அரபியில் வைக்கும் பெயர் வேறு. அதற்கு மகிழ்ச்சி என்று பொருள், வேரும் வேறு, முதல் ஒலியும் வேறு. ஜப்பானிய "ஹனா"வுக்குப் பூ என்று பொருள். இணையத்தில் நீங்கள் பார்த்த குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த மூன்றையும் ஒரே தலைப்பில் கொட்டியதால் வந்தது.

எவ்வளவு பரவலான பெயர் என்பது ஊரைப் பொறுத்தது. இங்கிலாந்தில் அன்னம்மாள் பக்தியால் "ஆன்" வெகுகாலமாக இருந்தது; "ஹன்னா" என்ற எபிரேய வடிவம் பெருகியது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, பழைய ஏற்பாட்டுப் பெயர்களை விரும்பிய பியூரிட்டன்கள் என்ற தீவிரச் சீர்திருத்தக்காரர்களால். அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பெயர்களில் இரண்டாம் இடம், எமிலிக்கு அடுத்து. அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் முதல் பத்தைவிட்டு இறங்கிவிட்டது. இஸ்ரேலில் இது பாட்டிமார் பெயர். 1944-இல் யூகோஸ்லாவியாவில் பாராசூட்டில் இறங்கி, ஹங்கேரியில் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட ஹன்னா செனேஷின் தலைமுறைக்குச் சொந்தமானது. மதப்பற்று மிக்க குடும்பங்களில் இன்றும் வைக்கிறார்கள். மற்றவர்கள் நோவா, தாமார், மாயா பக்கம் போய்விட்டார்கள். அங்கே போய் "ஹன்னா" என்று கூப்பிட்டால் புரியும், ஆனால் அவர்கள் சொல்வது "ஃகனா" போல இருக்கும்: னகரம் இரட்டிக்காது. நம் ஆய்தத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இனி எழுத்து. ஆங்கிலத்தில் எச்-ஏ-என்-என்-ஏ-எச் என்று ஆறு எழுத்தும் போடுங்கள். பின்னாலிருந்து படித்தாலும் அதே பெயர் வரும், நம் மாலைமாற்று மாதிரி. ஒரு "என்"னை விட்டால் மேலே சொன்ன அரபு, ஜப்பானியப் பெயர்களோடு கலந்துவிடும். தமிழில் திருப்பி எழுதுகிறவர் ஹானா என்பார். கடைசி "எச்" விட்டுப்போனால் தப்பில்லை, ஜெர்மனியில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு சான்றிதழில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் அலைவது நீங்கள்தான். எண்கணிதக்காரர் சொன்னார் என்று இன்னொரு "ஏ" நுழைப்பதையும் தவிர்க்கலாம். எண் பார்த்தே ஆக வேண்டுமென்றால், எபிரேய முறைப்படி ஹேத் 8, நூன் 50, ஹே 5, மொத்தம் 63. நாயன்மார் கணக்கு. போதாதா?

தமிழில் "ஹன்னா" என்றே எழுதுங்கள். கிரந்தம் வேண்டாமென்று "அன்னா" என்று எழுதினால் வாசிப்பில் பிழையில்லை. ஆனால் பள்ளியில் யாராவது உரக்கக் கூப்பிடும்போது அது "அண்ணா" ஆகிவிடும், பிள்ளைக்குக் கேலிதான் மிச்சம். "அன்னாள்" என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வேற்றுமை உருபும் அழகாக ஏறும்: அன்னாளுக்கு, அன்னாளை. ஆனால் வெளிநாட்டில் அந்தக் கடைசி ளகரம் படாதபாடு படும். எங்கள் யோசனை: பதிவில் ஹன்னா, ஞானஸ்நானத்தில் அன்னாள். சபைப் பதிவேட்டில் இருப்பது வேதத்தில் உள்ள அதே பெயர் என்பதால் மாமியாருக்கும் குறை இருக்காது. பொருள் மட்டும் போதும், ஒலி முக்கியமில்லை என்றால் கிருபா என்றோ அருள் என்றோ வைத்துவிடலாம்.

அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிந்தாயிற்று என்றால், பெயரைச் சேர்க்கப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது எழுத்தைச் சரிபாருங்கள். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் விழுந்த பிழை எல்லா இடத்துக்கும் கூடவே வரும். இன்னொன்று, வெறும் "ஹன்னா"வோடும் ஓர் இனிஷியலோடும் நிறுத்த வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்பதற்கான குறியைப் போட்டுவிடுவார்கள்; வளைகுடாப் பயணத்திலும் 2022-க்குப் பிறகு இது தலைவலியாகியிருக்கிறது. அப்பாவின் பெயரை முழுதாக விரித்து, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுங்கள்.