காட்டுப்பன்றியின் குடலில் நீளமான வெள்ளைப் புழு: என்ன இனம்?

கோடியக்கரைப் பக்கம் செத்துக் கிடந்த காட்டுப்பன்றியின் சிறுகுடலில் ஒரு சாணுக்கு மேல் நீளமான வெள்ளைப் புழுக்கள் இருந்தன, அவை என்ன இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீளத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். இரண்டு வகைகள் அப்படி இருக்கும்.

வழுவழுவென்று உருண்டு, இரு முனையும் கூராகி, குடலில் ஒட்டாமல் கிடந்தால் அஸ்காரிஸ் சூம் என்னும் உருளைப்புழு. உடம்பு சுருக்கம் சுருக்கமாக, குடற்சுவரைக் கவ்வியபடி, இழுத்தால்தான் வரும் என்றால் முள்தலைப் புழு (மேக்ரகாந்தோரிங்கஸ்). சந்தேகமா? உயிர் இருக்கும்போதே சாதாரணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முள்தலைப் புழுவானால் தலைப்பக்கம் ஒரு குட்டித் துதிக்கை வெளியே நீளும், அதில் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் தெரியும். இதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடற்பரப்பு வழியாகவே சத்தை உறிஞ்சுகிறது. உருளைப்புழுக்களோடு சேர்க்காமல் தனியாக வகைப்படுத்துவது இதனால்தான். வண்டுகளின் புழுக்களைத் தின்பதால் பன்றிக்கு வருகிறது.

மூச்சுக்குழாய்க் கிளைகளில் வெள்ளை நூல் போல் இருந்தால் மெட்டாஸ்ட்ராங்கைலஸ் என்னும் நுரையீரல் புழு. அது மண்புழு மூலம் பரவுவது. டெல்டா வயலைக் கிளறும் பன்றிக்கு மண்புழுவுக்கா பஞ்சம்!

இனத்தை உறுதிசெய்ய மைக்ராஸ்கோப் வேண்டும். புழுவை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெடும். இன்னொன்று: காட்டுப்பன்றி 1972 வனவிலங்குச் சட்டத்தில் வரும் விலங்கு, சடலத்தில் கைவைக்குமுன் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.